கண்ணைத் தேடும் திரை

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஜபீன் இரண்டு வருடம் உழைத்துச் செய்த முப்பரிமாணத் திரை அது. கண்ணாடி மாட்டத் தேவையில்லை. மேலே இருக்கும் கேமரா, பார்ப்பவரின் கண்களைப் பிடித்துக்கொண்டு, அவர் நகர நகரப் படத்தையும் நகர்த்தும்.

வாங்க வந்திருந்த டாக்டர் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார். "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதேம்மா!"

முதலாளி தணிகாசலத்துக்கு வியர்த்தது. "இன்னாம்மா ஜபீன், நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

ஜபீனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேமரா எதைப் பார்க்கிறதென்று கம்ப்யூட்டரில் தேடினாள். அது ஒரு ஜோடிக் கண்களைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் அவை டாக்டருடையவை அல்ல.

திரும்பிப் பார்த்தவள் குபீரென்று சிரித்துவிட்டாள். டாக்டருக்குப் பின்னால், சுவரில், ஒரு திருஷ்டி பொம்மை முழி பிதுங்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றியதும் திரையிலிருந்து ஓர் இதயம் எழும்பி வந்து, டாக்டரின் கைக்கெட்டும் தூரத்தில் துடித்தது.

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டு அனுப்பிடுங்க!" என்றார் அவர்.

"யார் சார் இதை மாட்டுனது?" என்று ஜபீன் கேட்டாள்.

தணிகாசலம் நெளிந்தார். "நான்தாம்மா, காலைல. உன் மெஷின் மேல யார் கண்ணும் பட்டுடக் கூடாதுன்னு..."