திரையில் பூஜ்யம்

மரியம்மாள் வலி மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள்.

"போட்டா தூங்கிடுவாரு. அப்புறம் கண்ணத் தொறக்க மாட்டாரு. போடவா வாணாவா, சொல்லுங்கக்கா. நான் இன்னும் தென்னேரி வரைக்கும் போவணும்."

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் அவள். இனி நாளைக்குத்தான் இந்தச் செவிலிமேட்டுப் பக்கம் வருவாள்.

சங்கரி கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

கலியாணசுந்தரம் மல்லாந்து கிடந்தார். எலும்பில் தொடங்கிய புற்றுநோய் மூளைக்கு ஏறிப் பேச்சையும் எடுத்துக்கொண்டுவிட்டது. கண்கள் மட்டும் திறந்திருந்தன.

மகள் வள்ளி ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். விமானம் இறங்கிவிட்டது.

"புள்ள வந்து அப்பன் கண்ணப் பாத்து ரெண்டு வார்த்த பேசட்டும்மா" என்றார் கணவரின் அண்ணன் உதயகுமார். தறியிலிருந்து எழுந்து அப்படியே வந்தவர். சட்டையில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. "வலி இருந்தா போட்டுடலாம். இருக்குதான்னு உன் டப்பாவக் கேளு."

அந்த டப்பாதான் சங்கரியின் ஆராய்ச்சி. மகள் கல்லூரிக்குப் போன பிறகு தொடங்கியது, இன்னும் முடியவில்லை. பேச முடியாத நோயாளியின் முகத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். புருவம், இமை, மூக்கின் ஓரம், உதடு எல்லாவற்றின் அசைவையும் கணினி கணக்குப் போட்டு, வலி எவ்வளவு என்று ஓர் எண்ணாகச் சொல்லும்.

கலியாணசுந்தரம் இயற்பியல் பேராசிரியர். ஒற்றை அணு எவ்வளவு சூட்டை வாங்கும், எவ்வளவு விடும் என்று குவாண்டம் வெப்ப இயக்கவியலில் கட்டுரைகள் எழுதியவர். சாப்பிடும்போதெல்லாம் அவளைச் சீண்டுவார்: "நான் அளந்தா அணு மாறிடுது, நீ அளந்தா மூஞ்சி மாறிடுது. ரெண்டு பேரும் ஏமாத்துக்காரங்கதான், போ."

திரையில் எண் அசையவில்லை.

"பூஜ்யம் மாமா" என்றாள் சங்கரி. "வலி இல்ல."

"ஏகாம்பரா" என்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே உதயகுமார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மரியம்மாள் குப்பியைப் பைக்குள் வைத்தாள். அவளுடைய ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது. வள்ளி.

"முழிச்சுக்கினுதான் இருக்காரு. வலி ஒண்ணும் இல்ல. மெதுவாவே வா கண்ணு."

போனை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. இடது கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி இறங்கியது.

கண்ணீரை அந்தக் கணினி கணக்கில் எடுப்பதில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். பூஜ்யம்.

வலியில் கிடக்கும் நோயாளிகளைப் படம் எடுக்க எந்த ஆஸ்பத்திரியும் அவளுக்கு அனுமதி தரவில்லை. அதனால் இதே வீட்டு மாடியில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து நடிக்கச் சொன்னாள். கொஞ்சம் வலி. அதிக வலி. தாங்க முடியாத வலி. அவர் பல்லைக் கடித்தார், மூக்கைச் சுருக்கினார், கண்ணை இறுக்கி மூடித் தலையை ஆட்டினார். "இன்னும் கொஞ்சம் வலிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் வெடித்துச் சிரித்தார். சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கணினிக்குக் கொடுத்தாள்.

வலி எப்படி இருக்கும் என்று அது கற்றுக்கொண்டது அந்த ஒரே முகத்திடம்தான்.

அன்றைக்குக் கலியாணசுந்தரத்துக்கு எங்கேயும் வலிக்கவில்லை.