நெஸ்தான் வரும்வரை

"வாங்கிப் படிங்கன்னு எங்க பத்திரிகையில நான் எழுதப்போற ஒயின் புத்தகம் இது. இதுல வர்ற உங்க வீட்டம்மாவைப் பாக்கணும், மாமா."

"தோட்டத்துக்குப் போயிருக்கா. உக்காரும்மா."

நுக்ஸார், மனைவி நெஸ்தான் போட்ட ஒயினை மண்சாடியிலிருந்து மொண்டு வந்து ஊற்றினார்.

வெயில் சாய்ந்தது. நெஸ்தான் வரவில்லை.

"கிளம்பறேன் மாமா. திபிலிசிக்குக் கடைசி பஸ் போயிடும்."

"இதே புத்தகத்தைத் தூக்கிட்டு நேத்து வந்தவங்க பொறுமையா சாப்பிட்டுட்டுப் போனாங்க. பட்டணத்துக்காரிக்கு மட்டும் கால்ல சக்கரமா?"

சிரித்துக்கொண்டே கோப்பையை உயர்த்தினேன். "சரி, நெஸ்தான் அத்தைக்காக!"

அவரும் உயர்த்தினார். குடிக்குமுன் அவர் கை தானாக ரொட்டித் துண்டில் சில சொட்டு ஒயினை விட்டது.

எங்கள் ஜார்ஜியா நாட்டில், இறந்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது மட்டும்தான் அப்படிச் செய்வோம்.

பையைக் கீழே வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா. அத்தை வர்ற வரைக்கும் இருக்கேன்."