வலது தோள்

வளையல்களைக் கழற்றி வைத்தாள். அசைந்தால் சத்தம் பதிவாகிவிடும்.

பிறகு கேமராவை அவன் வைக்கும் உயரத்துக்கு இறக்கினாள். மேசையும் இரண்டு கைகளும் தெரிந்தால் போதும். முகம் வரக்கூடாது.

அவள் கணவன் ஆல்வினின் வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருவான். பிளாஸ்டிக் ரோபோவின் பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பான். வெட்டிய தழும்பை உப்புத்தாளில் தேய்ப்பான். ஒன்றுக்குள் ஒன்றை அழுத்திப் பொருத்துவான்.

ஒரு வார்த்தை பேசமாட்டான். பொம்மை எப்படி என்று கடைசியில் எழுத்தில் சில வரிகள் வரும். அவ்வளவுதான்.

பெயர்கூடப் போட்டதில்லை. பார்க்கிறவர்களுக்கு அவன் வெறும் அண்ணா.

கடைசி ரோபோவுக்குத் தலையும் உடம்பும் இடது கையும் கட்டி, வீடியோவின் முதல் பாகத்தை வெளியிட்டிருந்தான். அடுத்த ஞாயிறு வருவதற்குள் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டான்.

இரண்டாம் பாகம் எப்போது என்று பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணன் இல்லன்னு ஒரு வரி போட்டுருவோம் மைனி," என்றான் அவனுடைய தம்பி ரூபன். "பாவம், தெரியாம கேட்டுட்டு கெடக்காங்க. என்னால அதப் படிக்க முடியல."

"போடுவோம். இத மட்டும் முடிச்சிக்கிடுதேன். முடிச்சிட்டு நானே எழுதுதேன்."



அவள் இதையெல்லாம் தொட்டதே இல்லை. முதல் பாகத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். கட்டரை எந்தப் பக்கமாகப் பிடிக்கிறான். எவ்வளவு விட்டு வெட்டுகிறான்.

துறைமுகப் பக்கத்து உப்புக்காற்றில் கட்டர் துருவேறிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு அசைத்து அசைத்துத் திறந்தாள்.

வெட்டினாள். தேய்த்தாள். பொருத்தினாள்.

கால்கள் ஒழுங்காக வந்தன. வலது தோளில்தான் தப்பு நடந்தது. உள்ளே போகவேண்டிய சின்ன முளையைத் தழும்பு என்று நினைத்து வெட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரம் அந்தத் துணுக்கை விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசை வைத்து ஒட்டினாள். கை நின்றது. தூக்கினால் மெல்ல இறங்கிவிடும்.

முழு ரோபோவையும் மேசை நடுவில் நிறுத்தினாள். அவன் செய்வதுபோலவே ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்தாள். கழுத்து. இடுப்பு. முழங்கால். ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள். நின்றது.

இடது கையைக் கடைசிக்கு விட்டிருந்தாள்.

தொட்டாள். இறுக்கமாக இருந்தது. எங்கே விட்டாளோ அங்கேயே நின்றது. அவன் அழுத்திய அழுத்தம் அப்படியே உள்ளே இருந்தது.

அதை மட்டும் திரும்ப மடக்கவில்லை.

வெளியிடுவதற்கு முன்னால் பதிவை ஓடவிட்டாள். கட்டர் சத்தம். உப்புத்தாள் சத்தம். இடையில் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

மறுபடி போட்டாள்.

பதிவில், கெட்டியான ஒரு பாகத்தை அழுத்துமுன் மூச்சு நின்றது. பாகம் உள்ளே போனதும் மூக்கு வழியாக நீளமாக வெளியே வந்தது.

அது அவனுடைய மூச்சு. பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

கைகள் அவளுடையவை.

மூன்றாம் முறை கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த இடத்தை வெட்டி எறியவும் மனம் வரவில்லை. மதிப்பீட்டை எழுதிச் சேர்த்தாள்.

முழங்கால்: நன்று.
இடது தோள்: மிக நன்று.
வலது தோள்: தளர்வு. கட்டியவர் பிழை. பொம்மையைக் குறை சொல்ல முடியாது.

வெளியிட்டாள்.

ரூபனுக்குக் கொடுத்த வாக்கின்படி மற்றதையும் எழுத உட்கார்ந்தாள். இந்தச் சேனலை நடத்திவந்த ஆல்வின், என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் வருவதற்குள் வீடியோவுக்குக் கீழே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"வந்துட்டீங்களா அண்ணா!"

"கட்டியவர் பிழையா? உங்களுக்கா? நம்பமாட்டேன்."

"அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். எங்கண்ணா போனீங்க?"

இன்னொருவன் எழுதியிருந்தான். "மோதிரம் விரல்ல சுத்துதே. ரொம்ப மெலிஞ்சுட்டீங்க. உடம்பு சரியில்லையா?"

அவள் தன் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஆல்வின் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்த மோதிரம். வாங்கி மாட்டிக்கொண்டவள் பிறகு கழற்றவேயில்லை.



பிறகு ஆல்வின் என்ற பெயரை அழித்தாள். அதற்கு முன்னால் இருந்த சொற்களையும் அழித்தாள்.

எழுதினாள்.

"ஆமா தம்பி. காய்ச்சல். இப்ப தேவலை."



செல்பேசி அடித்தது. ரூபன். அவனும் பார்த்திருப்பான். அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை.

திரையில் அவள் பதிலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. ரூபனின் பெயரில்.

"உடம்பப் பாத்துக்கோ அண்ணே."