கன்டெய்னருக்குள் அத்தான்

அத்தான் இறந்த பிறகு அவருடைய கட்டில், பைக், சட்டைகள் எல்லாவற்றையும் அக்கா வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பழைய கப்பல் கன்டெய்னருக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் நாங்கள் இருவரும் அதன் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்போம், கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவோம்.

இந்த முறை அதன் சுவரில் முஷ்டியளவுக்குப் புடைப்புகள் இருந்தன. எல்லாமே உள்ளிருந்து வெளியே தள்ளியவை. திறந்து பார்த்தோம். சாமான்கள் வைத்தது வைத்தபடி இருந்தன, ஆள் யாருமில்லை. மறுபடி பூட்டியதும் உள்ளே டமாரென்று ஓர் அடி விழுந்தது. எங்கள் கண்ணெதிரே தகடு புடைத்தது.

"அக்கா, வா, போயிடலாம்."

அவள் நகரவில்லை. புதிய புடைப்பைத் தடவிப் பார்த்தாள். "அவர் கைதான்டி. அடி வாங்கினவளுக்குத் தெரியாதா? செத்தும் அடங்கல பாரு."

தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, சம்மட்டியை எடுத்து அதன்மேல் ஓங்கி அடித்தாள். தகடு உள்ளே போனது.

"ஐயோ, வலிக்குது! விட்டுடு!" அத்தானின் குரல்தான்.

"நானும் இப்படித்தானே கெஞ்சினேன்" என்று அக்கா மறுபடி ஓங்கினாள்.

குரல் தேம்பித் தேம்பி அழுதது. பொழுது சாயும்வரை அவள் நிறுத்தவில்லை. அவள் கை ஓய்ந்ததும் சம்மட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.