விளம்பரமில்லாத பக்கம்

ரவுட்டருக்குப் பக்கத்தில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்து வயரைச் செருகினாள் மகள்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள வர்ற எல்லாப் பக்கமும் இது வழியாத்தான்பா வரும். வேண்டாததை வாசல்லயே நிறுத்திடும்."

அப்பா தலையாட்டினார்.

அவளுக்கு அலுவலகத்தில் இதுதான் வேலை. யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று வெளியே தெரியாமல் காப்பது, பின்தொடர்ந்து வருகிறவற்றை வழியிலேயே மறிப்பது. ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் இடையில் நின்று வடிகட்டும் ப்ராக்ஸி போட்டுக் கொடுக்கிறவள், சொந்த அப்பாவின் லேப்டாப்பை இன்றைக்குத்தான் திறந்து பார்த்திருந்தாள். பார்த்ததும் பகீரென்றது.

நாளிதழ் படிக்கப் போனால் செய்தியைவிட விளம்பரம்தான் அதிகம். அதுவும் என்ன விளம்பரம்! அகன்ற விளிம்பு வைத்த தொப்பி. மவுத் ஆர்கன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான நீச்சல் வகுப்பு.

"உங்களுக்கும் நீச்சல் வகுப்புக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அவரும் கூடவே சிரித்தார்.

அம்மா போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. தனியாக இருக்கிற பெரியவர், கையில் ஒரு லேப்டாப். எதையாவது தொட்டு எவனிடமாவது மாட்டிக்கொள்ளப் போகிறார் என்ற பயம் அவளுக்கு ஓயாமல் இருந்தது.

விதிகளை ஒவ்வொன்றாக எழுதினாள். விளம்பரம் வரும் முகவரிகளை அடைத்தாள். ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கிகள் உள்ளே வராமல் தடுத்தாள். ஏற்கெனவே வந்து குடியேறியிருந்தவற்றைப் பிரவுசரிலிருந்து ஒன்றுவிடாமல் அழித்தாள்.

அழிப்பதற்கு முன் அவற்றை மேலோட்டமாகப் பார்த்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அப்பா தினமும் அந்த விளம்பரங்களைத் தொட்டுத் திறந்திருக்கிறார். தொடத் தொட, இந்த ஆளுக்கு இதில் ஆசை என்று அவையும் விடாமல் வந்திருக்கின்றன.

"இதையெல்லாம் போய் யாராவது தொடுவாங்களாப்பா?"

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாமே போயிடுமாம்மா?" என்று கேட்டார்.

"சுத்தமாப் போயிடும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் கடைசி விதியைச் சேமித்து, பக்கத்தை மறுபடி திறந்தாள். வெள்ளை வெளேரென்று செய்தி மட்டும் வந்தது. விளம்பரம் இருந்த இடங்களில் வெறும் கட்டங்கள்.

வேலை கச்சிதமாக முடிந்த திருப்தியில் விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அழைப்புமணி அடித்தது. பார்சல்காரர்.

அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தவள் மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். அம்மாவின் பெயர். பிரித்தால் உள்ளே ஒரு மவுத் ஆர்கன்.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பாத்தீங்களா? போய்ச் சேர்ந்தவங்க பேர்லகூட வியாபாரம் பண்றானுங்க! இப்பவே திருப்பி அனுப்பறேன்."

"வேண்டாம்மா. அவ பேர்ல நான்தான் ஆர்டர் பண்ணேன்."

அப்பா பெட்டியைக் கையில் வாங்கினார். மவுத் ஆர்கனை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார்.

கடைசி மாதங்களில் அம்மாவின் கட்டிலில்தான் இந்த லேப்டாப் கிடக்கும். தூக்கம் வராதபோதெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டே இருப்பாள். என்ன பார்க்கிறாய் என்று இவர் கேட்டால், "சும்மா" என்று மூடிவிடுவாள். அவள் போய்ச் சில நாள் கழித்து இவர் பேப்பர் படிக்கத் திறந்தபோது, பக்கத்தின் ஓரத்தில் ஒரு தொப்பி வந்து நின்றது. அடுத்த நாள் நீச்சல் வகுப்பு.

இதையெல்லாம் அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. விட்டு விட்டு, மவுத் ஆர்கனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"இத்தனை வருஷத்துல அவ எங்கிட்ட இது வேணும்னு வாயைத் திறந்து கேட்டதே இல்லம்மா. நானும் கேட்டுக்கல. இந்த விளம்பரத்துலதான் தினமும் ஒண்ணு ஒண்ணா சொல்லிட்டிருந்தா."



மகள் உட்கார்ந்து, எழுதிய விதிகளை அழித்தாள். கருவியின் வயரைப் பிடுங்கினாள். அடைத்ததைத் திறந்துவிடலாம். அழித்ததை, அம்மா தேடியதையெல்லாம் நினைவில் வைத்திருந்த குக்கிகளை, கொண்டுவர வழியில்லை. அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு நீந்த ஆசை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பக்கத்தைத் திறந்தாள். வெறும் கட்டங்கள் மளமளவென்று நிறைந்தன. வீட்டுக்கடன். புது மாடல் போன். முடி உதிராமலிருக்க ஒரு எண்ணெய். யாருக்கு வேண்டுமானாலும் காட்டுகிற விளம்பரங்கள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவரைப்போல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ தள்ளும்மா," என்றார்.

அவள் தள்ளினாள்.