சாய்ந்த நாற்று

கூடத்து ஜன்னலில் வைத்த தக்காளி நாற்றுகள் வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்தன. வேலைக்குப் போகுமுன் சுகிர்தா தினமும் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். அப்படியும் நிமிரவில்லை. சந்தேகம் வந்து தட்டின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். காலையில் உள்பக்கம் திருப்பிய புள்ளி மாலையில் ஜன்னலைப் பார்த்திருந்தது. யாரோ மறுபடி திருப்பியிருக்கிறார்கள்.

பகலில் வீட்டில் இருப்பது மாமனார் மட்டும். குளியலறையில் விழுந்து முறிந்த எலும்பு கூடிய பிறகும், கட்டிலைவிட்டு ஓரடி நடக்க முடியாது என்று மூன்று மாதமாகச் சாதிப்பவர்.

“யாராச்சும் வந்தாங்களா மாமா?”

“யாரு வரப்போறா? ஒரே பக்கமா சாஞ்சா தண்டு வலுக்காதும்மா, பாத்துக்க,” என்றார் கண்ணை மூடியபடி.

சுகிர்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மறுநாள் தட்டைத் திருப்பவில்லை. தூக்கிப் போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். கட்டிலிலிருந்து அங்கே போகிற வழியில், பிடித்துக்கொள்ளக் கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு நாற்காலிகளைப் போட்டாள்.