தொண்ணூறு வயதுப் பிரிவு

மனிதகுலம் மரணத்தை வெல்லப்போகிற நாள் வந்துவிட்டது என்று டாக்டர் அறிவித்தார்.

பிறகு, கொண்டுவர மறந்துவிட்டதால், வீட்டில் கொஞ்சம் பஞ்சு கிடைக்குமா என்று கேட்டார்.

சிறுத்தை சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுச் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தார். பூங்காவில் நடக்க வருகிறவர்கள் வைத்த பெயர் அது. வயது தொண்ணூற்றிரண்டு. நூறு மீட்டரைப் பத்தொன்பது விநாடியில் ஓடுவார்.

போன ஆண்டு தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டியில் தங்கம் அவருக்குத்தான். வெள்ளி வாங்கியவர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது சிறுத்தை குளித்து, தலை துவட்டி, வேறு சட்டை மாற்றியிருந்தார். வெண்கலம் வாங்கியிருக்க வேண்டியவர் பயிற்சியின்போதே காலமாகிவிட்டார்.

அடுத்த மாதம் உலகப் போட்டி. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. இவருடைய வயது இதுதான் என்று டாக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன் டாக்டருக்கு ரத்தம் வேண்டும்.

ஓட்டத்தையும் ஆயுளையும் ஒரே மரபணுதான் ஆட்டிவைக்கிறது என்பது டாக்டரின் கட்சி. பதினோரு வருடமாகச் சொல்லி வந்தார். பதினோரு வருடமாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிறுத்தை கிடைத்ததும் அந்த மரபணுவுக்குப் பெயரே வைத்துவிட்டார். முன்பாதி தன் பெயர், பின்பாதி சிறுத்தையின் பெயர்.

“பிரமாதம் சார்! உங்க எலும்பு எழுபத்தாறு வயசு எலும்பு. மூட்டு எழுபத்தாறு. நுரையீரலும் அதே எழுபத்தாறு. எல்லாம் சொல்லிவச்ச மாதிரி!”

“பரம்பரை டாக்டர், பரம்பரை,” என்றார் சிறுத்தை அடக்கமாக.

அடக்கம் அவரிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் தங்காது. தாத்தா ஓடுகிற ரயிலைத் துரத்திப் பிடித்த கதையை ஆரம்பித்தார். போன தடவை அது பேருந்தாக இருந்தது.

அவர் மனைவி பஞ்சைக் கொண்டுவந்து வைத்தார். இவருக்கு எழுபத்திரண்டு. போன வாரம் வங்கியில், இருவர் வயதும் போட்டிருந்த படிவத்தைப் பார்த்த பெண், “அப்பாவை நீங்கதான் வச்சுப் பாத்துக்கறீங்களாம்மா?” என்று உருகிப்போய்க் கேட்டிருந்தாள். அவர் படிவத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஊசி இறங்கியது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கூடப்பிறந்தவர் ரத்தமும் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். நான்கு மாதமாக இதே பெருமூச்சு. கூடப்பிறந்தது ஒரே ஒரு சகோதரி. நடமாட்டம் இல்லை, நினைவு தப்பிவிட்டது, ஆளே அடையாளம் தெரிவதில்லை என்று சிறுத்தை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லியிருந்தார்.

வாசல் மணி அடித்தது.

“நான்தான் வரச் சொன்னேன்,” என்றார் மனைவி.

சிறுத்தை எழுந்திருக்கப் பார்த்தார். ஊசி விடவில்லை.

கைத்தடியோடு ஓர் அம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்தார். யாரும் அடையாளம் காட்டவேண்டியிருக்கவில்லை. நேராகச் சிறுத்தையிடம் போய் அவர் உச்சந்தலையில் கையை வைத்தார்.

“என்னடா தம்பி, ரத்தமெல்லாம் எடுக்கறாங்க? சின்ன வயசுலேர்ந்தே உனக்குச் சீக்கு உடம்புதான்.”

டாக்டர் அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. தம்பிக்குத் தொண்ணூற்றிரண்டு என்றால், அக்காவுக்கு?

அவர் முகம் மெல்ல மெல்ல ஒளிவிட்டது.

“அம்மா! உங்களுக்கு நூறு இருக்குமே!”

சிறுத்தையின் கையிலிருந்து ஊசியை உருவினார். ரப்பர் பட்டையை அவிழ்த்தார். பட்டையை ஏந்திக்கொண்டு, சாமி வந்தவர்போல, அக்காவை நோக்கி நடந்தார். மரபணுப் பெயரின் பின்பாதியை மாற்றிவிட அவர் தயாராகிவிட்டது அந்த நடையிலேயே தெரிந்தது.

அக்கா கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

“யாருக்குய்யா நூறு? போன மாசந்தான் எனக்கு எண்பது முடிஞ்சுது. இவன் எனக்கு நாலு வயசு சின்னவன்.”

சிறுத்தை மின்விசிறியைப் பார்த்தார்.

“அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு,” என்று அதனிடம் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் புதிய அடையாள அட்டை வந்தது. அதை அடித்தவர், பிறந்த ஆண்டைப் பதினாறு வருடம் பின்னுக்குத் தள்ளி அடித்துவிட்டார். திருத்தித் தரும்படி சிறுத்தை அன்றே விண்ணப்பம் எழுதினார், கோபமாகத்தான் எழுதினார். அந்த வாரக் கடைசியில் ஒரு போட்டி வந்தது. அட்டையைப் பார்த்தவர்கள் அவரைத் தொண்ணூறு வயதுப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விண்ணப்பம் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

மனைவி போய் அதை எடுத்துவந்து, டாக்டர் கையெழுத்துப் போடவேண்டிய தாளின் மேல் வைத்தார்.

“முதல்ல இதுல இவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க டாக்டர்.”

சிறுத்தை பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டிவைத்த பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் சோதனைக் குழாயை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியில் சாய்ந்தார். பதினோரு வருட உழைப்பை அவ்வளவு சீக்கிரம் கைகழுவ அவருக்கு மனம் வரவில்லை.

“சரி, எழுபத்தாறாவே இருக்கட்டும். அந்த வயசுக்காரங்க நடுவுலயும் சார் பெரிய ஓட்டக்காரர்தானே?”

அட்டை மாறுவதற்கு முந்தைய வருடம், எழுபது வயதுப் பிரிவில் சிறுத்தை ஒன்பதாவதாக வந்தார்.

ஓடியவர்கள் ஒன்பது பேர்.